தோட்டத்து ஆளுங்களோட விசுவாச வாழ்க்கைய பாட்காஸ்ட்டா பண்றது எப்படி

நாங்க மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல ரெண்டு வருஷமா ஒரு சின்ன பாட்காஸ்ட் பண்ணிட்டு வரோம். பிரசங்கம் கிடையாது. நம்ம ஊர்ல இருக்கிற சாதாரண ஆளுங்க, கித்தா (ரப்பர்) மரத்துல பால் வெட்டினவங்க, செம்பன (எண்ணெய்ப் பனை) லோரி ஓட்டுறவங்க, ஸ்கூல் கேண்டீன் அக்கா, ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிறவங்க, இவங்க ஆண்டவர நம்பி ஒவ்வொரு நாளும் எப்படி ஓட்டுறாங்கன்னு அவங்க வாயாலயே சொல்ற நிகழ்ச்சி. தெலுக் இந்தான், பாகான் செராய், பந்திங் பக்கத்துலேர்ந்தெல்லாம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டு இருக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சத மொத்தமா இங்க எழுதிடறேன்.

மொதல்ல ஒன்னு சொல்லணும், இத தள்ளிப் போடாதீங்க. கித்தா மரத்த வெட்டிட்டு செம்பன வெச்சாங்க, தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருந்த லயத்த இடிச்சாங்க, ஆளுங்க எல்லாம் தாமானுக்கு (டவுன் குடியிருப்புக்கு) வந்துட்டாங்க, தோட்டத்து உள்ள இருந்த சின்னக் கோயில் பல எடத்துல இப்ப இல்ல, சில எடத்துல செவுரு மட்டும் நிக்குது. அந்தக் கோயில்ல மணி அடிச்சவரு, ஞாயித்துக்கெழம பெஞ்சு தொடச்சவங்க, சாமியார் மாசம் ஒரு தடவதான் வருவாருன்னு மத்த வாரம் தானே செபம் சொல்லிக் குடுத்த கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்), இவங்க யாரும் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. 1948ல, கம்யூனிஸ்ட்டுங்கள அடக்க வெள்ளக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் ஆரம்பிச்சப்ப பத்து வயசா இருந்தவங்களுக்கு இப்ப தொண்ணூறு நெருங்கிடுச்சு. நான் பேட்டி எடுக்கணும்னு பேரு எழுதி வெச்சிருந்ததுல மூணு பேரு நான் போறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க.

யார பேச வைக்கிறதுன்னு யோசிக்கிறப்ப சபையில மைக் புடிச்சுப் பழகினவங்கள மொதல்ல கூப்பிடாதீங்க. அவங்களுக்கு சொல்ல வேண்டியது மனப்பாடமா இருக்கும். "எனக்கு என்னம்மா பேசத் தெரியும், நான் படிக்காதவ"ன்னு சொல்றவங்கதான் நம்மாளு. கிறிஸ்மஸ் கேக் சுட்டு லயத்துக்கே குடுத்தவங்க, ஆயாக்கொட்டாய்ல அம்பது புள்ளைங்கள வளத்தவங்க, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து மாமியாருக்கு கஞ்சி ஊட்டிட்டு தூங்குற மருமக, வேலைய விட்டு நின்னதுக்கு அப்புறமும் பங்களாதேஷ் பசங்களுக்கு சம்பளம் வராத மாசத்துல சோறு போடற அக்கா. உங்க சபையோட நிறுத்திக்காதீங்க. எங்க ஊரு மாதிரி ஊர்ல கத்தோலிக்க, மெதடிஸ்ட், லூத்தரன், பெந்தெகொஸ்தேன்னு எல்லாம் ஒரே பாசார்லதான் காய் வாங்குறோம், பாட்காஸ்ட்ல மட்டும் ஏன் பிரிச்சு வெக்கணும். ஆனா அவங்கவங்க பேச்ச மாத்தாதீங்க. ஒருத்தர் பூசைம்பாங்க, இன்னொருத்தர் ஆராதனைம்பாங்க, ஒருத்தருக்கு சாமியார், இன்னொருத்தருக்கு பாஸ்டர், வயசான கத்தோலிக்கப் பாட்டிங்க இன்னும் சேசுநாதர்னுதான் சொல்லுவாங்க. அப்படியே விடுங்க, அந்த வார்த்தையிலதான் அவங்க வாழ்ந்திருக்காங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், கேள்வி. மைக், ஆப் எல்லாம் ரெண்டு நாள்ல கத்துக்கலாம், கேள்வி கேக்கறது கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

நம்ம கிறிஸ்தவங்களுக்கு "சாட்சி சொல்லுங்க"ன்னு சொன்னா ஒரு அச்சு இருக்கு. இருட்டுல இருந்தேன், கஷ்டம் வந்துச்சு, ஆண்டவர் தொட்டார், இப்ப சமாதானமா இருக்கேன், அல்லேலூயா. அது பொய்னு நான் சொல்லல, உண்மையா அனுபவிச்சவங்கதான் சொல்றாங்க, ஆனா அந்த அச்சுல ஊத்துனதுக்கு அப்புறம் யாரு சொன்னாலும் ஒரே மாதிரி கேக்கும், அந்த ஆளோட வாசன போயிடும்.

ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன், எம்பது தாண்டினவங்க, முப்பத்தஞ்சு வருஷம் பால் வெட்டினவங்க. போன உடனே "பசியாறிட்டியா"ன்னு கேட்டு கோப்பி கலக்கிக் குடுத்தாங்க. நான் மைக்க மாட்டிட்டு "பாட்டி, ஆண்டவர் உங்கள எப்படி வழிநடத்தினாருன்னு சொல்லுங்க"ன்னு கேட்டேன். உடனே குரல் மாறிடுச்சு, கோயில்ல வாசகம் வாசிக்கிற குரல், நாலு நிமிஷம் அழகா சொன்னாங்க, முடிச்சிட்டு கைய கட்டிட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு அடுத்து என்ன கேக்கறதுன்னே தெரியல. சும்மா, "அப்பெல்லாம் காலையில எத்தன மணிக்கு பாட்டி எந்திரிப்பீங்க"ன்னு கேட்டேன்.

அதுதான் கேள்வி. நாலு மணிக்கு எந்திரிக்கிறது, புள்ளைங்களுக்கு சோறு கட்டுறது, பெரட்டுக்கு (காலையில பேரு கூப்பிடற எடத்துக்கு) போறது, நெத்தியில வெளக்கு கட்டிட்டு நெரையில எறங்குறது, பாம்பு பயம், பனி, மங்க (பால் வடியற கிண்ணத்த) தொடச்சு கவுத்து வெச்சிருந்தத நிமித்தி வெக்கிறதுன்னு பேசிட்டே வந்தாங்க, கை தானா வெட்டுற மாதிரி சாய்வா அசைஞ்சுது. அப்புறம் ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, "செபமால எடுத்துட்டுப் போனா பால் ஒட்டிக்கும்மா, அதனால மரத்தையே மணியா வெச்சுக்குவேன். ஒரு மரத்துக்கு ஒரு பிரியதத்தம், பத்து மரம் ஆச்சுன்னா ஒரு பரலோக மந்திரம். நெர முடியறப்ப மாதாவுக்கு எத்தனயோ மால ஆயிருக்கும்." பிரியதத்தம்னா அருள் நிறைந்த மரியே செபம், பரலோக மந்திரம்னா கர்த்தர் கற்பித்த செபம். எங்க சபையில செபமால கிடையாது. ஆனா அந்த நிமிஷம் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. முப்பத்தஞ்சு வருஷம், ஒவ்வொரு மரமும் ஒரு செபம். இத அவங்க யாருகிட்டயும் சொன்னதில்லையாம், ஏன்னா யாரும் கேக்கல.

அதனால கேள்விய வேலையிலேர்ந்து, சமையல்லேர்ந்து, நேரத்துலேர்ந்து ஆரம்பிங்க. லோரி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க? சம்பள நாளன்னிக்கு காச எப்படிப் பிரிப்பீங்க, காணிக்கைய எங்க வெப்பீங்க? வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்த ராத்திரி செபம் பண்ண முடிஞ்சிச்சா, முடியலன்னா என்ன பண்ணீங்க? உங்ககிட்ட இருக்கிற பைபிள்ல ரொம்ப கிழிஞ்ச பக்கம் எது, காட்டுங்க? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ஒரு தடவகூட வீணாப் போனதில்ல. கேட்டுட்டு வாய மூடிட்டு இருங்க, அவங்க நிறுத்தினாலும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, பல பேருக்கு அந்த அஞ்சு செகண்டுக்கு அப்புறம்தான் உண்மையான பதில் வருது. நடுவுல "ஆமென், ஸ்தோத்திரம்"னு நீங்க சொல்லிட்டே இருக்காதீங்க, தலைய ஆட்டுனா போதும், இல்லன்னா எடிட் பண்றப்ப வெட்டவே முடியாது. இன்னும் பதில் கெடைக்காத செபத்தப் பத்தியும் கேளுங்க. புள்ள கொணமாகாம போயிட்டான், ஆனாலும் கோயிலுக்கு வரேன்னு ஒருத்தர் சொன்னா அத அவசரமா ஆறுதல் வசனம் சொல்லி மூடிடாதீங்க. கேக்கறவங்கள்ள பாதிப் பேரு அந்த எடத்துலதான் நிக்கிறாங்க.

பழைய காலத்தப் பத்திப் பேசறப்ப வருஷம் கொழம்பும், அது இயல்பு. நீங்க கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா உதவியா இருக்கும். ஜப்பான்காரன் காலம் 1941 டிசம்பர்லேர்ந்து 1945 வரைக்கும், சயாம்-பர்மா ரயில் பாதை (சயாம்னா இப்பத்த தாய்லாந்து) போட ஆளுங்கள தோட்டத்துலேர்ந்து கொண்டு போனது அந்தக் காலத்துலதான். எங்க ஊர்ப் பக்கத் தோட்டங்கள்ள தோட்டம் நடத்தின மூணு வெள்ளக்காரத் தொரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டது 1948 ஜூன் 16, அதுக்கு அப்புறம் அவசரகாலம் 1960 வரைக்கும். "ஊரடங்கு போட்டிருந்தாங்க"ன்னு ஒரு தாத்தா சொன்னா அது எந்தக் காலம்னு உங்களுக்குப் புரியணும். அவங்கள நடுவுல திருத்தாதீங்க, வேணும்னா முன்னுரையில நீங்க வருஷத்த சொல்லிக்கலாம்.

அடுத்தது அனுமதி. இதுல நான் ஒரு தடவ தப்பு பண்ணிட்டேன். ஒரு அம்மா பேசறப்ப மருமகளோட இருந்த சண்டையையும், அப்புறம் ரெண்டு பேரும் முழங்கால் போட்டு செபம் பண்ணதையும் சொன்னாங்க, எனக்கு அது ரொம்ப அழகா தெரிஞ்சுது, போட்டுட்டேன். அந்த மருமககிட்ட யாரும் கேக்கல. ரெண்டு நாள்ல ஊரே பேசிடுச்சு, நான் எடுத்துட்டேன், ஆனா வாட்சாப்புல போனது போனதுதான். சின்ன ஊர்ல பேரு மாத்துனா மட்டும் பத்தாது, "மூத்த மகன் போலீஸ்"னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சிடும். அதுலேர்ந்து நான் செய்றது இதான்: ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி இது எங்கெங்க போகும், யாரு வேணும்னாலும் கேக்கலாம்னு தமிழ்ல தெளிவா சொல்லி, அவங்க சரின்னு சொல்றதையும் ரெக்கார்டு பண்ணிக்குவேன். எடிட் முடிச்சதும் வீட்டுக்குப் போயி அவங்க பக்கத்துல உக்காந்து முழுசா போட்டுக் காட்டுவேன். எந்த எடத்துல மொகம் மாறுதோ அந்த எடத்த கேப்பேன், வேணாம்னா வெட்டிடுவேன், எவ்ளோ நல்லா இருந்தாலும். இன்னொருத்தரோட பாவம், நோய், கடன் இதெல்லாம் அவங்க சம்மதம் இல்லாம வரவே கூடாது. அடி உதை மாதிரி விஷயம் வெளிய வந்தா பாட்காஸ்ட்ட அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த ஆளுக்கு உதவி வேணுமான்னு பாருங்க.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். நம்ம நாட்டு கூட்டரசு அரசியலமைப்பு 11வது பிரிவு எல்லாருக்கும் அவங்கவங்க மதத்த கடைப்பிடிக்க உரிம குடுக்குது, அதே பிரிவோட 4வது உட்பிரிவு முஸ்லிம்கள் மத்தியில வேற மதத்தப் பரப்புறத மாநிலங்கள் சட்டம் போட்டு கட்டுப்படுத்தலாம்னு சொல்லுது. அதனால நிகழ்ச்சி தமிழ் பேசற கிறிஸ்தவங்களோட வாழ்க்கையப் பத்தினதுன்னு விளக்கத்துலயே எழுதிடுங்க, மதம் மாறின கதைய தேடிப் போகாதீங்க. சட்டத்துக்காக மட்டும் சொல்லல. நம்ம சித்தி, மாமா, பக்கத்து வீடு எல்லாம் முக்கால்வாசி இந்துக்கள், அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாம மோர் ஊத்துனோம், நம்ம கிறிஸ்மஸுக்கு அவங்க வந்து கூடாரம் கட்டுனாங்க. "அந்தச் சாமிய கும்பிட்டப்ப நாசமா இருந்தேன்"ங்கிற மாதிரி ஒரு வரி வந்தா நான் வெட்டிடுவேன். அந்த வரிய கேட்டு மனசு நோகறவங்க நம்ம வீட்டு ஆளுங்கதான்.

சரி, சாமான். போன் ஒன்னு போதும், சத்தியமா போதும். ஒரே ஒரு செலவு பண்ணுங்க, சட்டையில மாட்டுற கிளிப் மைக். நான் வாங்கினது 45 வெள்ளி (ரிங்கிட்), வயரோட, இன்னும் நல்லா ஓடுது. வாங்கறப்ப உங்க போன் ஓட்டைக்கு ஏத்த முனையான்னு பாத்துக்குங்க. மைக்க நெஞ்சுக்கு நடுவுல, தாடையிலேர்ந்து ஒரு சாண் கீழ மாட்டுங்க, சேல முந்தானையில மாட்டுனா உரசும், ஜாக்கெட் கழுத்துல மாட்டச் சொல்லுங்க, அத பொம்பளைங்க யாராச்சும் பக்கத்துல இருந்து பண்ணட்டும். தாலிச் செயின், செபமால, கண்ணாடிச் செயின் மைக்ல படுதான்னு பாருங்க. ரெண்டு பேரு பேசறதுன்னா ரெண்டு போன்ல தனித்தனியா ரெக்கார்டு பண்ணி, ஆரம்பத்துல ஒரு தடவ கை தட்டுங்க, அந்தத் தட்டுற சத்தத்த வெச்சு கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஒன்னா சேத்துடலாம். போன ஃப்ளைட் மோட்ல போடுங்க, இல்லன்னா நடுவுல கோல் வந்து ரெக்கார்டு நின்னுடும்.

சத்தம்தான் பெரிய எதிரி. மேச காத்தாடிய அணைக்க மறந்து நாப்பது நிமிஷப் பேட்டி மொத்தமும் போச்சு எனக்கு, அந்த அண்ணன்கிட்ட மறுபடியும் அதே கதைய சொல்லச் சொன்னா மொத தடவ வந்த மாதிரி வரல. காத்தாடி, பெட்டி, அடுத்த ரூம் டிவி, எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்க, பெட்டின்னா குளிர்ப்பெட்டிய சொல்றேன், திரும்ப போட மறக்கக் கூடாதுன்னு உங்க காடி (கார்) சாவிய அதுக்குள்ள வெச்சிடுங்க, சாவி இல்லாம வீட்டுக்குப் போக முடியாது. தகரக் கூரை வீடுன்னா சாயங்காலம் வேணாம், மழ வந்துச்சுன்னா எதுவும் கேக்காது, காலையில பத்து மணி வாக்குல போங்க. டைல்ஸ் போட்ட ஹால் எதிரொலிக்கும், படுக்க ரூம்ல மெத்தப் பக்கத்துல உக்காருங்க, முடியலன்னா செவுத்துப் பக்கம் ரெண்டு கம்பளி தொங்க விடுங்க. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முப்பது செகண்டு யாரும் பேசாம அந்த ரூம் சத்தத்த மட்டும் ரெக்கார்டு பண்ணிக்குங்க, அது பின்னாடி வேணும். சேவல் கூவுறது, தூரத்துல மோட்டர் போறது, இதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அது நம்ம ஊரு.

எடிட்டுக்கு ஆடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர் போதும், இலவசம், பழைய லாப்டாப்லயும் ஓடும். அந்த முப்பது செகண்டு ரூம் சத்தத்த செலக்ட் பண்ணி நாய்ஸ் ரிடக்‌ஷன்ல ப்ரொஃபைல் எடுங்க, அப்புறம் முழுசுக்கும் 6 லேர்ந்து 8 டெசிபல் அளவுல கொறைங்க, அதுக்கு மேல போனா குரல் தண்ணிக்குள்ளேர்ந்து வர மாதிரி ஆயிடும். இருமல், ஒரே விஷயத்த மூணு தடவ சொல்றது, இதெல்லாம் வெட்டலாம். அழறத்துக்கு முன்னாடி வர அமைதிய வெட்டாதீங்க. கடைசியா லவுட்னெஸ் நார்மலைசேஷன்ல மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (LUFS, சத்தத்தோட அளவு) வெச்சிடுங்க, ஆப்பிள் சொல்ற அளவும் அதான், ஒரு எபிசோட் மெதுவா ஒரு எபிசோட் சத்தமா இருக்காது. எம்பி3யா எடுக்கறப்ப மோனோ 64 கேபிபிஎஸ் பேச்சுக்கு போதும், அரை மணி நேரம் சுமார் 14 எம்பிதான் வரும், கிராமத்து லைன்லயும் எறங்கும். நீளம் இருபதுலேர்ந்து இருபத்தஞ்சு நிமிஷம். ஈப்போவுக்கு வேலைக்குப் போறவங்க ஒரு ட்ரிப்ல கேட்டு முடிக்கிற அளவு.

பாட்டு போடணும்னு எல்லாருக்கும் ஆச இருக்கும். கவனமா இருங்க. நம்ம நாட்டு 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் இறந்து 50 வருஷம் வரைக்கும் உரிம இருக்கு, அதனால எழுதினவர் இறந்து 50 வருஷம் தாண்டின பழைய கீர்த்தனைன்னா பாட்டு தாராளமா பாடலாம், ஆனா வேற ஒருத்தர் பாடி வெளியிட்ட ரெக்கார்டிங்குக்கு தனி உரிம இருக்கு, யூடியூப்லேர்ந்து எடுத்துப் போடாதீங்க. அதவிட நல்ல வழி, பேச வந்தவங்களயே அவங்களுக்குப் புடிச்ச பழைய கீர்த்தன ரெண்டு வரி பாடச் சொல்லுங்க. சுதி சேரலன்னாலும் பரவால்ல. எங்க நிகழ்ச்சியோட ஆரம்பமே லோரி அண்ணன் ஒருத்தர் ஸ்டேரிங்ல தாளம் போட்டுப் பாடினதுதான்.

வெளியிடறது சுலபம், சீக்கிரமா சொல்லிடறேன். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ்ல இலவசமா கணக்கு தொறந்து ஏத்தலாம், முன்ன ஆங்கர்னு இருந்துச்சே அதோட இப்பத்த பேரு. அங்கேர்ந்து ஆர்எஸ்எஸ் (RSS) லிங்க், அதாவது மத்த ஆப்புங்க உங்க எபிசோட எடுத்துக்கிற முகவரி, அத எடுத்து ஆப்பிள் பாட்காஸ்ட்லயும் குடுக்கலாம். அட்டப்படம் சதுரமா 3000க்கு 3000 பிக்சல், ஜேபெக் இல்லன்னா பிஎன்ஜி, மொகத்தப் போடறதவிட ஒரு பொருளப் போடுங்க, நாங்க ஒரு பழைய மங்கும் பால் கத்தியும் போட்டோம். பேரு தமிழ்ல வெங்க, ஊரு பேரு இருந்தா இன்னும் நல்லது, மொழி எடத்துல தமிழ்னு செலக்ட் பண்ண மறக்காதீங்க. ஒன்னு மட்டும் ஏத்திட்டு ஊருக்கே சொல்லாதீங்க, நாலஞ்சு எபிசோட் கையில வெச்சிட்டு ஆரம்பிங்க, ரெண்டு வாரத்துக்கு ஒன்னு போதும். வாராவாரம்னு ஆரம்பிச்சு ரெண்டாவது மாசம் நின்னு போனத நான் நெறைய பாத்திருக்கேன்.

ஆனா நம்ம பெரியவங்க யாரும் ஸ்பாட்டிஃபைல தேட மாட்டாங்க. அவங்களுக்கு வாட்சாப்தான். அதே எம்பி3ய சபை குரூப்லயும் தோட்டத்துப் பழைய நண்பர்கள் குரூப்லயும் போடுங்க, கூடவே ரெண்டு வரி, யாரு பேசறாங்க, எந்தத் தோட்டம், எத்தன நிமிஷம். அந்தத் தோட்டத்துல பொறந்து இப்ப ஜொகூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கிற புள்ளைங்கதான் எங்களுக்கு மொதல்ல பதில் போட்டாங்க, "எங்க ஆயா மாதிரியே பேசறாங்க"ன்னு. அவங்க மூலமாதான் அடுத்த ஆளு கெடைப்பாங்க, என் மாமா ஒருத்தர் இருக்காரு, அவரையும் பேசச் சொல்லுங்கன்னு வரும். கண்டபடி கமெண்ட் வந்தா பேசினவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, உங்கள நம்பித்தான் அவங்க வாயத் தொறந்தாங்க. எத்தன பேரு கேட்டாங்கங்கிற நம்பர மாசம் ஒரு தடவ மட்டும் பாருங்க.

கடைசியா, வெட்டாத முழு ரெக்கார்டிங்க அழிச்சிடாதீங்க. மோனோ வேவ் ஃபைல்னா ஒரு மணி நேரம் சுமார் 320 எம்பிதான், 32 ஜிபி பென்டிரைவ்ல கிட்டத்தட்ட நூறு மணி நேரம் புடிக்கும். ரெண்டு எடத்துல வெங்க, ஒன்னு உங்ககிட்ட, ஒன்னு ஆன்லைன்ல. பேசினவங்க குடும்பத்துக்கு ஒரு சின்ன பென்டிரைவ்ல போட்டு, பேரு, தேதி, தோட்டத்துப் பேரு, எந்த டிவிஷன்னு ஒரு ஸ்டிக்கர்ல பேனாவால எழுதி ஒட்டிக் குடுங்க. மரத்த மணியா வெச்சு செபம் சொன்ன அந்தப் பாட்டி வீட்ல அத சாமி படத்துக்குப் பக்கத்துல, கிழிஞ்ச செப புத்தகத்துமேல வெச்சிருக்காங்க.